மாதிரி ரயிலுக்கு ஊரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதிரி ரயில்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் முழுப் பக்கம். நிலையம், சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, சிக்னல் அறை எல்லாம் 'அலங்காரம்' என்று ஒரே வரியில் முடிந்துவிட்டன. நான் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். இப்போது இந்தச் சின்னக் கட்டடங்களைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. இன்ஜினைக் கடையில் வாங்கிவிடலாம். அது ஓடும் ஊரை நாம்தான் கட்டியாக வேண்டும்.

மாதிரி ரயில்களில் பரவலாகப் புழங்கும் எச்ஓ (HO) அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதில் இரண்டு மீட்டர் கதவு 23 மில்லிமீட்டர்தான். செங்கல் வரிசைகளைக் காட்ட அட்டையில் அரை மில்லிமீட்டர் ஆழம் கீறினாலே, நிஜச் சுவரில் நான்கு சென்டிமீட்டருக்கும் அதிகமான பள்ளம் விழுந்த கணக்கு! அதனால் கத்தியை அழுத்தாமல், மழுங்கிய முனையால் லேசாகக் கோடு இழுத்தால் போதும். கூரை விளிம்பிலும் இதே கதைதான். ஒரு மில்லிமீட்டர் அட்டையை அப்படியே வைத்தால், தகரக் கூரை கான்கிரீட் பலகைபோல் தெரியும். விளிம்பை அடியிலிருந்து சீவி மெலிதாக்க வேண்டும்.

அப்புறம் அழுக்கு. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். கண்ட இடத்தில் பூசக் கூடாது. மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும். ஜன்னல் விளிம்புக்குக் கீழே கறை வழியும், கூரைநீர் சொட்டும் இடத்தில் சுவரடியில் சேறு தெறித்திருக்கும், நீராவி இன்ஜின் கொட்டகையின் வாசலுக்கு மேலே கரி படிந்திருக்கும். சாக்பீஸ் தூளை மெல்லிய தூரிகையால் தடவினாலே இதெல்லாம் வந்துவிடும். பளபளப்பில்லாத வார்னிஷைக் கடைசியில் லேசாகத் தெளித்தால் தூள் உதிராது.

பலர் கவனிக்காதது சுவரின் அடி. கட்டடத்தைப் பலகைமேல் சும்மா வைத்தால் கீழே மெல்லிய இடைவெளி விழும். உள்ளே விளக்கு போட்டால் அதன் வழியே வெளிச்சம் கசியும். கட்டடத்தைச் சற்றே தரைக்குள் இறக்கி, சுவரை ஒட்டி மண்ணும் புல்லும் சேர்த்துவிட்டால்தான் அது அந்த ஊரில் நிற்கும். சுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு வண்ணம் அடிப்பதும் அவசியம், இல்லாவிட்டால் சுவரே ஒளிரும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாதிரி ரயில் கண்காட்சியில் விமான நிலையம் வரை கட்டி, இரவு பகல் மாறுவதையும் விளக்குகளால் காட்டுகிறார்கள். தண்டவாளம் மட்டும் அங்கே இருந்திருந்தால் அது ஒரு பெரிய மேசை, அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையில் வந்த படங்கள் எல்லாமே மேலிருந்து எடுத்தவை. அடுத்த முறை கேமராவை நடைமேடை மட்டத்துக்கு இறக்கி, அங்கே நிற்கும் இரண்டு சென்டிமீட்டர் மனிதனின் கண் உயரத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்