கட்டுரையைத் திருத்திய பின் மகளுக்கு எழுதியது

மாட்டுங்கா, மும்பை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய ஆங்கில ஆய்வுக் கட்டுரையைக் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, சிவப்பு மையால் திருத்தி முடித்துவிட்டேன். ஆய்வின் முடிவுகளை உன் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். ஆனால் மருத்துவ இதழ்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவள் என்ற முறையில், சொற்களை இணைக்கும் சிறு கோடான ஹைஃபன் விஷயத்தில் நீ காட்டியிருக்கும் அலட்சியத்தை என்னால் அப்படியே விட முடியவில்லை.

செய்முறைப் பகுதியின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள். ‘டென் வீக் ஓல்ட் மைஸ்’ என்று கோடே இல்லாமல் எழுதியிருக்கிறாய். முதல் மூன்று சொற்களையும் இரண்டு கோடுகளால் பிணைத்தால் பத்து வார வயதுள்ள எலிகள் என்று பொருள். ‘வீக்’, ‘ஓல்ட்’ என்னும் இரண்டை மட்டும் பிணைத்தால் ஒரு வார வயதுள்ள குட்டிகள் பத்து என்று பொருள். பால்குடி மறக்காத குட்டியிடமும் வளர்ந்த எலியிடமும் மருந்து ஒரே மாதிரி வேலை செய்யாது என்பது என்னைவிட உனக்கே நன்றாகத் தெரியும். உன் சோதனையை வேறோர் ஊரில் திரும்பச் செய்து பார்க்க நினைப்பவர் எதை நம்பி எலி வாங்குவார்?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து ஒரே அடையாக நின்றால் கோடு வேண்டும். அவையே பெயருக்குப் பின்னால் பயனிலையாக வந்தால் பெரும்பாலும் வேண்டியதில்லை. மருந்தளவைப் பொறுத்த விளைவு என்று பொருள்படும் ‘டோஸ்-டிபென்டன்ட் எஃபெக்ட்’ என்பதில் கோடு இருப்பதும், ‘தி எஃபெக்ட் வாஸ் டோஸ் டிபென்டன்ட்’ என்பதில் இல்லாததும் அதனால்தான். ‘சர்ஜிகலி’ போல ‘லி’ என்று முடியும் வினையடைக்குப் பின்னால் போடவே போடாதே.

முன்னொட்டுகளுக்கு இப்போது பெரும்பாலும் கோடு போடுவதில்லை என்றாலும், ‘அன்-அயனைஸ்ட்’ என்பதில் அதை விட்டுவிடக் கூடாது. அயனியாகாத மூலக்கூறே செல் சவ்வை எளிதில் கடக்கிறது என்று நீ அழகாக விளக்கியிருக்கும் பத்தியில் கோடு விடுபட்டிருப்பதால், ஆங்கிலம் படிக்கும் கண்ணுக்கு அது ‘யூனியனைஸ்ட்’ என்று, தொழிற்சங்கம் அமைத்தவர்களைக் குறிக்கும் சொல்லாகத்தான் தெரியும்.

பெயர்களில் இன்னும் கவனம் தேவை. 1964இல் ஒரு வைரஸைக் கண்டறிந்து வெளியிட்டவர்களில் ஆன்டனி எப்ஸ்டைன், இவோன் பார் ஆகிய இருவரின் பெயரையும் தாங்குவதால் எப்ஸ்டைன்-பார் வைரஸுக்குக் கோடு உண்டு. நீயோ பென்ஸ் ஜோன்ஸ் புரதத்துக்கும் அதே கோட்டைப் போட்டிருக்கிறாய். மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவரின் சிறுநீரில் காணப்படும் அந்தப் புரதத்தை 1840களில் ஆராய்ந்த லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஒரே ஆள். அவர் பெயரின் நடுவே கோடிட்டால் ஒருவரை இருவராக்கிவிடுகிறோம்.

எண்களுக்கு வந்தால் எனக்குக் கவலையே வந்துவிடுகிறது. மாதிரிகளை உறைநிலையில் வைத்த வெப்பநிலையை எழுதிய இடத்தில், கழித்தல் குறிக்குப் பதிலாக வெறும் ஹைஃபனைத் தட்டியிருக்கிறாய். அது வரியின் கடைசியில் தங்கிவிட, 80 டிகிரி மட்டும் அடுத்த வரியில் தனியாக வந்து நிற்கிறது. கழித்தல் குறிக்கென்று கணினியில் தனிக் குறியீடு இருக்கிறது, அதையே பயன்படுத்து. சொற்களுக்கு நடுவே பிரியாத ஹைஃபன் தேவைப்பட்டால், வேர்டில் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஹைஃபனைத் தட்டு. மருந்தளவின் வீச்சையும் கோட்டால் காட்டாமல் ‘5 மி.கி. முதல் 10 மி.கி. வரை’ என்று விரித்தே எழுது. கோடு மங்கினாலோ விடுபட்டாலோ அது 510 ஆகிவிடும்; அதைப் படித்து மருந்து கொடுப்பவர் உன்னிடம் வந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

எண்ணுக்கும் அலகுக் குறியீட்டுக்கும் நடுவே இடைவெளிதான் வேண்டும் என்பது எஸ்.ஐ. எனப்படும் பன்னாட்டு அலகு முறை, அடையாக வரும்போது அங்கே கோடு போடச் சொல்லும் மருத்துவ இதழ்களும் உண்டு. உன் இதழ் எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று அதன் நெறிக்குறிப்பைப் பார்த்து எழுது, அட்டவணைகளை அதற்கேற்பத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா