டாப்பெட் சத்தம் இல்லை, பேக்கிங்

திருச்சி

அன்புள்ள கணேசா,

பேரன் பிறந்த செய்தியை நாலு வரியில் முடித்துவிட்டு, உன் அப்பாவின் அம்பாசிடர் போடும் சத்தத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். நீ திருந்தவே மாட்டாய். கடிதத்தைப் படித்துக் காட்டினேன், வீட்டில் ஒரே சிரிப்பு. குழந்தைக்கும் தாய்க்கும் எங்கள் ஆசி. பெயர் வைத்ததும் எழுது.

சரி, காருக்கு வருகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக், இரண்டு கிலோமீட்டர் போனதும் அடங்கிவிடுகிறது, டாப்பெட் சத்தம், அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தின் சத்தம், என்கிறார் உன் மெக்கானிக். இதையேதான் எனக்கும் சொன்னார்கள், இரண்டு முறை டாப்பெட் அட்ஜஸ்ட் செய்து காசும் வாங்கினார்கள். சூடேறியதும் சத்தம் அடங்குகிறது என்றால் எனக்கு மேனிஃபோல்டு பேக்கிங் மேல்தான் சந்தேகம். எஞ்சின் ஹெட்டுக்கும் அதில் மாட்டும் குழாய்த் தொகுதிக்கும் (மேனிஃபோல்டு) நடுவே புகை கசியாமல் வைக்கும் தகடுதான் அது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். நாளைக் காலை எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல். கையில் தடிமனான ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்துப் பார். பேக்கிங் போயிருந்தால் பானட்டுக்குள் புஸ் என்று கேட்கும். அந்த இடத்தில் கரிக்கோடு ஒன்றும் இருக்கும், டார்ச் அடித்துத் தேடு.

நாம் ஓட்டிய புல்லட்டுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, ஞாபகம் இருக்கிறதா? பைப்பை நேராக ஹெட்டுக்குள் செருகிவிடுவோம். அம்பாசிடர் அப்படியில்லை.

என் கதையைக் கேள். முதலில் இங்கேயே ஒரு கடையில் "அம்பாசிடர் மேனிஃபோல்டு பேக்கிங்" என்று கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் ஒரு துவாரக் கண்கூடச் சேரவில்லை. அது 90களில் வந்த 1800 இசுசு எஞ்சினுக்கானது. தப்பு என்னுடையதுதான். 2014இல் நிறுத்தும்வரை வெளியில் பார்க்க ஏறக்குறைய அதே கார், உள்ளே எத்தனையோ எஞ்சின்! டீசல் வேறு இருக்கிறது. உன்னுடைய 1978 மார்க் 3, என்னுடைய மார்க் 4 இரண்டுக்கும் அதே பழைய 1489 சிசி பெட்ரோல்தான். கடையில் வருஷத்தைச் சொல்லாதே, எஞ்சினைச் சொல். உன் அப்பா எப்போதாவது எஞ்சின் மாற்றினாரா என்றும் பார்த்துக்கொள், அந்தக் காலத்தில் டீசல் எஞ்சின் இறக்காத ஆள் குறைவு.

அடையாளம் சுலபம். நம் எஞ்சினில் கார்புரேட்டரும் சைலன்சருக்குப் போகும் பைப்பும் ஒரே பக்கம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேக்கிங். அதில் ஐந்து கண். நாலு சிலிண்டருக்கு எப்படி ஐந்து என்று நானும் குழம்பினேன். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்லெட் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்குப் பொது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மூன்று, நடுவில் உள்ளது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பொது. கண்ணின் ஓரம் ஹெட்டின் துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் எரிந்து போகும், வாங்காதே.

இரண்டாவது முறை கட் பேக்கிங், ஷீட்டிலிருந்து கையாலேயே வெட்டி எடுப்பது. நம் பெரியவர் மெக்கானிக் ஷீட்டை மேனிஃபோல்டின் மேல் போட்டு, உருண்டை முனைச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டினார். தட்டத் தட்டத் துவாரம் தானாக வெட்டுப்பட்டு வட்டமாக உதிர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இரண்டு மாதம்கூட நிற்கவில்லை.

மூன்றாவது முறை சென்னைக்குப் போனபோது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏறி இறங்கினேன். பழையதைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன், அதன் மேல் வைத்துப் பார்த்தே கொடுத்தார்கள். அச்சு அசல். மாட்டிப் பதினைந்தே நாளில் மறுபடி டக் டக். காருக்குள் புகை நாற்றம், இவளுக்குத் தலைவலி. மழையிலும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போய்வந்தோம். இதில் விளையாடாதே கணேசா. புகை நாறுகிறது, அதனால் தெரிகிறது. அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பச்சைக் குழந்தையை அந்தக் காரில் ஏற்றாதே.

மூன்று பேக்கிங்கைத் திட்டித் தீர்த்த பிறகுதான், நாலாவது முறை கழற்றும்போது, ஒரு வாசர் கண்ணில் பட்டது. இன்லெட் மேனிஃபோல்டின் காதையும் (நட்டு அழுத்தும் ஓரம்) எக்ஸாஸ்டின் காதையும் ஒரே தடி வாசர்தான் சேர்த்து அழுத்துகிறது. நட்டைத் தளர்த்தியதும் அந்த வாசரை நகத்தால் தொட்டேன், ஊஞ்சல் மாதிரி ஆடியது. வெர்னியர் வைத்து அளந்தால் எக்ஸாஸ்டின் காது கிட்டத்தட்ட அரை மில்லி மெலிசு. என் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, முன்பு விரிசல் விட்டபோது புதுப்பேட்டையில் பழையதாக வாங்கிப் போட்டது. யாரோ ஏற்கெனவே அதை இழைத்திருக்கிறார்கள். நான் எவ்வளவு டைட் வைத்தாலும் அழுத்தமெல்லாம் இன்லெட் மேல்தான். தங்கத்தில் பேக்கிங் செய்து வைத்தாலும் நின்றிருக்காது.

அரியமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். மேனிஃபோல்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்து முகத்தை ஒரே மட்டமாக எடுத்தார். காதின் வித்தியாசத்துக்கு வாசரிலேயே ஒரு படி இறக்கிக் கொடுத்தார், இன்லெட் பக்கம் மட்டும் மெலிசாக. எனக்கு இந்த யோசனை சத்தியமாக வந்திருக்காது. அதே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடையிலிருந்து இன்னொரு பேக்கிங் வரவழைத்து மாட்டினேன். எட்டு மாதம் ஆகிறது, சத்தம் இல்லை.

நீ கழற்றும்போது அவசரப்படாதே. முதல் நாள் இரவே ஸ்டட்களில் (ஹெட்டிலிருந்து நீட்டி நிற்கும் நட்டு மாட்டும் திருகுக் கம்பிகள்) டீசல் ஊற்றி ஊறவிடு, ஒன்று முறிந்தாலும் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். பித்தளை நட்டுதான் போடு, அது துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது. பழைய பேக்கிங் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும், காய்ந்தபடி சுரண்டாதே. தண்ணீர் தெளித்து ஈரமாகவே எடு, மூக்கைக் கட்டிக்கொள். டைட் வைக்கும்போது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போ. ஒரு ரவுண்டு ஓட்டி, நன்றாக ஆறிய பிறகு இன்னொரு முறை நட்டைத் தொட்டுப் பார். கழற்றியதை வெர்னியரில் அளந்து எழுது, பேக்கிங்கை நானே இங்கிருந்து சொல்லி அனுப்பவைக்கிறேன்.

அப்புறம், என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையும் அப்படியே. தை பிறந்ததும் பேரனைப் பார்க்க நாகர்கோவில் வருகிறோம், அம்பாசிடரில்தான். இவள் இந்த முறை கண்ணாடியை ஏற்றிவிட்டே வரலாம் என்கிறாள்.

அன்புடன்,
ராமு