இலை கறுக்காமல் காய: கோத்தகிரி டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டுக்குள் வைத்த இலையும் பூவும் பத்தே நாளில் கறுத்து, பூஞ்சணம் பிடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் மேல் தவறில்லை. வழுவழுப்பான நோட்டுத் தாள் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. நவம்பர் மாதக் கோத்தகிரியில் காற்றிலும் ஈரம்தான். இலை காய வழியில்லாமல் புழுங்கிப்போகிறது.

ஏன் கறுக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வது சுலபம். டீ பேக்டரியைத் தெரியாத பிள்ளை அங்கே குறைவு. கொழுந்தை உருட்டிக் கசக்கியதும் பச்சை போய்ச் செம்பு நிறம் வருகிறதல்லவா? இலையின் செல்கள் உடைந்ததும் தனித்தனியாக இருந்த நொதியும் (என்சைம்) பாலிபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகின்றன. நோட்டுக்குள் நடந்ததும் அதுதான். கிரீன் டீக்கு முதலிலேயே சூடு காட்டி அந்த நொதியை அடக்கிவிடுவார்கள். நமக்கும் இரண்டே வழி: கசங்காமல் சீக்கிரம் காயவைப்பது, இல்லையென்றால் சூடு காட்டுவது.

முதல் வழிக்கு, 30 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலத்தில் இரண்டு பிளைவுட் பலகைகள் போதும். அடியில் பலகை, மேலே ஓர் அட்டை, ஐந்தாறு செய்தித்தாள், அதன்மேல் ஒன்றையொன்று தொடாமல் இலைகள், மறுபடி செய்தித்தாள், அட்டை. இப்படி நான்கைந்து அடுக்கு வைத்து, மேல்பலகை மீது இரண்டு செங்கல். அட்டை, பழைய அட்டைப்பெட்டியில் வெட்டிய நெளிவு அட்டையாக இருக்கட்டும். அந்த நெளிவுக்குள்தான் காற்று ஓடும். பளபளக்கும் பத்திரிகைத் தாள் வேண்டாம், உறிஞ்சாது.

பெரும்பாலும் தோற்பது தாள் மாற்றுவதில்தான். முதல் மூன்று நாளும் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், மதிய வெயிலில் காட்டிய தாளை மாற்றுங்கள். முதல் நாள் இலை குழைந்திருக்கும். அதைத் தொடாமல் தாளோடு சேர்த்தே நகர்த்தச் சொல்லுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் பத்து நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் மூன்று வாரம்கூட ஆகலாம், அதற்குள் நிறமும் போய்விடும். அதனால் இந்த வேலையைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க, இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். சில்லென்றிருந்தால் ஈரம் மிச்சம். மலைக்குளிரில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும். ஆகவே காய்ந்த தாளை ஒரு கன்னத்திலும் இலையை மறு கன்னத்திலும் வைத்து ஒப்பிடட்டும்.

அவசரமென்றால் இஸ்திரிப்பெட்டி. செய்தித்தாளுக்குள் இலையை வைத்து, நீராவி இல்லாமல், பட்டுத்துணிக்கான சூட்டில் பத்து விநாடி அழுத்தி எடுத்து, ஆறவிட்டு, நான்கைந்து முறை. பச்சை நன்றாக நிற்கும். பூவுக்கு இது ஒத்துவராது. பெட்டி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

எதைப் பறிப்பது? சில்வர் ஓக் இலைதான் என் முதல் தேர்வு: மேலே பச்சை, அடியில் வெள்ளி, கீழே உதிர்ந்ததே போதும். பெரணி அழகாகப் படியும். முதிர்ந்ததென்றால் அடியிலுள்ள வித்துத்தூள் தாளெல்லாம் பழுப்பாக ஒட்டும், இளசாக எடுங்கள். கல்சுவரில் தானாக முளைக்கும் சிறு டெய்சி, தோட்டத்துப் பான்சி, காஸ்மாஸ் எல்லாம் நன்றாக வரும். ஹைட்ராஞ்சியாவைக் கொத்தாக வைத்தால் அழுகும், ஒவ்வொரு பூவாகப் பிரித்து வையுங்கள். நம் மலையின் அமில மண்ணால் வரும் அதன் நீலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ரோஜாவை இதழ் இதழாகத்தான். சீகை மர இலை காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிரும், விட்டுவிடுங்கள்.

வேலியோரத்தில் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூவையும், ஓடையோரத்து வெள்ளை ஆரம் லில்லியையும் பிள்ளைகள் தொட வேண்டாம். முன்னது நஞ்சு, பின்னதன் சாறு அரிக்கும். சோலைக்காட்டுக்குள் எதையும் பறிக்கக் கூடாது. குறிஞ்சியை எங்கே கண்டாலும் பறிக்க வேண்டாம். நீலக்குறிஞ்சி 2006, 2018 என்று பூத்தது, அடுத்து 2030இல். ஒரு செடி ஒரே முறை பூத்து, விதை விட்டு மடிந்துவிடும். பூவைப் பறித்தால் அந்த விதையும் இல்லை.

ஒட்டும்போது ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர். அதற்கு மேல் நீர்த்தால் அட்டை நெளியும், காய்ந்த பூ மறுபடி ஈரமாகும். மெல்லிய தூரிகையால் பூவின் பின்புறம் நாலைந்து புள்ளி வைத்தால் போதும். மைதாப் பசையென்றால் ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர், கஞ்சிப் பதம். பூச்சி வராமலிருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் கூடவே கூடாது.

முதலில் 5க்கு 15 செ.மீ. கெட்டி அட்டையில் புத்தகக்குறி செய்யட்டும். லேமினேஷன் வேண்டாம், ஈரம் மிச்சமிருந்தால் உள்ளேயே பூஞ்சணம் வரும், பிளாஸ்டிக்கும் சேரும். மேலே பட்டர் பேப்பர் ஒட்டினாலே போதும். மீந்த இலைகளை, வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து போட்ட பிஸ்கட் டின்னில், வெயில் படாமல் வையுங்கள்.

ஒவ்வொன்றின் பின்னும் செடியின் பெயர், இடம், தேதி. பேனா மை ஊறும், பென்சிலால் எழுதட்டும். வீட்டில் பாட்டி படுக மொழியில் வேறு பெயர் சொன்னால், அதையும் பக்கத்திலேயே.

அன்புடன்.