முதல் முறை கேட்டதைப் போல

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு நலம், நீயும் மதினியும் நலமென்று நம்புகிறேன். ஆடியில் வந்த கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இன்று கோபம் எனக்குத்தான். திருமூலர் சொன்ன மூச்சுக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, மூச்சை 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை விடும் பயிற்சியை விடியற்காலையில் நீ தனியாகச் செய்கிறாய் என்று உன் தம்பி சொன்னான். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குகிறவன் மூச்சை 64 மாத்திரை அடக்கலாமா? படித்துறையில் முங்கிப் பந்தயம் கட்டிய வயதா இது? அன்று உன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றப் படகுக்காரர் இருந்தார்.

அந்தக் கணக்கு, குருவின் முன் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கு உரியது. அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்குவதை, தவிர்க்க வேண்டும் என்றுதான் நல்ல யோக ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் அடக்குவதே இல்லை. நொடிக்கு ஒன்றாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுகிறேன். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை ஓடும் மூச்சு இப்படிச் செய்தால் 6-க்கு இறங்கிவிடும். வெளிமூச்சின்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்றுத் தளர்கிறது. பேரனின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்: அவன் இழுக்கும்போது நாடி விரைந்தது, விடும்போது நிதானித்தது. வயது ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடும் என்பதால் நம் கைகளில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

இதை நான் தொடங்கிய காரணத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன். அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. நிலத்தை விற்றுப் பல வருடங்கள் ஆன பிறகும், "நெல் அளந்தாச்சா?" என்று நாள் முழுதும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து, "தெரியாமல் கேட்டுவிட்டேன் ஐயா" என்றாள். பெற்ற மகனை ஐயா என்றாள். அன்றிரவு நான் உறங்கவில்லை.

இனிக் கோபப்படவே மாட்டேன் என்று மறுநாள் உறுதி எடுத்தேன். அது காப்பி ஆறுவதற்குள் உடைந்தது. பிறகு அப்பாவின் திதியன்று புரோகிதர் சங்கல்பம் சொல்லும்போதுதான், இத்தனை வருடமும் காதில் விழுந்தும் கவனிக்காத ஒன்று எனக்கு விளங்கியது. ஆண்டின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை என்று காலத்தைச் சுருக்கிச் சுருக்கி அந்த ஒரே நாளுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதன் பிறகே இன்ன காரியத்தைச் செய்கிறேன் என்று சொல்கிறார்கள். ஆயுள் முழுமைக்கும் அங்கே வாக்குக் கொடுப்பதில்லை.

ஆகவே இப்போது அம்மா எழுவதற்கு முன் திண்ணையில் அமர்ந்து, 12 மூச்சு எண்ணி முடித்ததும், கடைசி வெளிமூச்சோடு மெல்ல வாய்விட்டுச் சொல்கிறேன்: "ஐப்பசி, வியாழக்கிழமை, இந்தத் திண்ணை. இன்று அம்மா பத்தாவது முறை கேட்டாலும் முதல் முறை கேட்டதைப் போல விடை சொல்வேன்." சில நாள் ஏழாவது முறையிலேயே குரல் உயர்ந்துவிடுகிறது. ஆனால் உயரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிகிறது. அந்த இடைவெளியில் ஒரு நீண்ட மூச்சை விட முடிகிறது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அது எனக்குப் பெரிது.

நீ அந்த 64-ஐ இன்றே நிறுத்து. மருத்துவரிடம் கேள். அமர்வதை மட்டும் விட்டுவிடாதே; நாளைக் காலை உன் நாளுக்கு என்ன சொல்லிக்கொண்டாய் என்று ஒரு வரியாவது எழுது.

உள்ளே அம்மாவின் குரல் கேட்கிறது. நெல்லைப் பற்றித்தான்; இன்றைக்கு இது மூன்றாவது முறை. போய் விடை சொல்லிவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்