வைக்கோல் ஊரையும் காட்டுங்கள்

பெல்லா நகரில் டியூலிப் விழா நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இருக்கும் உங்கள் சின்ன ஊர் பூவாகவே மாறிவிடுகிறது. மரக்காலணி போட்டுக்கொண்டு தெருவைத் தேய்த்துக் கழுவுகிறீர்களே, அதைப் பார்க்கவே அத்தனை அழகு. எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். அந்தத் தெரு வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதையும் உரக்கச் சொல்லுங்கள்.

1847-இல் ஹென்ட்ரிக் ஸ்கோல்டே என்ற பாதிரியாரோடு சுமார் 800 பேர் ஹாலந்திலிருந்து வந்தார்கள். அரசுத் திருச்சபையை விட்டு விலகியதற்காக அபராதம் கட்டியவர்களும் அவர்களில் உண்டு. உருளைக்கிழங்கு நோய் வேறு அந்த நாட்டை வாட்டிய காலம். நான்கு கப்பல்களில் பால்டிமோர் வந்து, செயின்ட் லூயிஸ் வழியாகப் புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தால், குளிருக்கு முன் எல்லோருக்கும் வீடு கட்ட நேரமில்லை. தரையைத் தோண்டினார்கள். புல்வேர் பின்னிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிச் சுவர் வைத்தார்கள். மேலே வைக்கோலைப் போட்டு மூடினார்கள். முதல் குளிர்காலம் பலருக்கு அதற்குள்தான் கழிந்தது. ஊருக்கே ‘ஸ்ட்ரோய்ஸ்டாட்’, அதாவது வைக்கோல் ஊர், என்று பெயர் வந்துவிட்டது.

வாசற்படியைக்கூடத் தேய்த்துக் கழுவிப் பழகிய பெண்கள் அவர்கள். இங்கே சுவரும் மண், தரையும் மண். பிள்ளைகளைத் தூங்க வைத்ததும் அந்தக் குழிக்குள்தான். இதை அறிந்த பிறகு உங்கள் தெரு கழுவும் காட்சியைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

ஸ்கோல்டேயின் மனைவி மரியா ஹாலந்திலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த டெல்ஃப்ட் நகரப் பீங்கான், பெட்டியைத் திறந்தபோது பெரும்பாலும் சில்லாகக் கிடந்ததாம். அந்தச் சில்லுகளைத் தோட்டத்து நடைபாதையில் போட்டுவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். தூக்கி எறியவும் மனசு வரவில்லை போலும்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புல்வெளி ஆளில்லாத இடமாக இருந்ததில்லை. அமெரிக்க அரசுடன் செய்த 1842 ஒப்பந்தத்தின்படி சாக், மெஸ்க்வாக்கி என்ற பூர்வகுடி மக்கள் 1843 மே மாதத்துக்குள் அங்கிருந்து வெளியேற வேண்டியிருந்தது. நான்கே வருஷத்தில் உங்கள் முன்னோர் வந்தார்கள். 1857-இல் மெஸ்க்வாக்கிகள் ஐயோவாவிலேயே டாமா பக்கம் 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஒதுங்க ஓர் இடம் தேடி அலைவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த மே மாதம் மேடையில் ஊரின் கதையை 1843-இலிருந்து தொடங்குங்கள். டாமாவிலிருந்து சிலரை அழைத்து, முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் விழாவை நேசிக்கும் ஒருவர்