சித்திரவதைக்கும் விலக்கா?

ஐயா,

எங்கள் உவரி, இடிந்தகரைப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே காவலில் ஒருவரை அடித்து முடமாக்கினால், அந்த நாட்டு அரசு மீது வள்ளியூர் கோர்ட்டில் வழக்குப் போட முடியுமா? வெளிநாட்டு அரசுகளுக்கு நம் கோர்ட்டு வழக்குகளிலிருந்து விலக்கு உண்டு; அவற்றின் மீது வழக்குப் போட மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86-வது பிரிவு. ஒப்புதலுக்கு அது சொல்லும் காரணங்கள் வியாபாரம், நிலச் சொத்து போன்றவை. சித்திரவதை அதில் இல்லை!

அமெரிக்கா 1996-லேயே, பயங்கரவாத ஆதரவு நாடுகள் எனத் தான் பட்டியலிட்டவற்றின் மீது சித்திரவதை, பணயக்கைதியாகப் பிடித்தல் போன்றவற்றுக்கு வழக்குப் போட வழிவிட்டது. அமெரிக்காவின் நட்பு நாடுகள் அந்தப் பட்டியலில் வராது என்பது வேறு விஷயம். தீர்ப்புப் பணம் வசூலாவதும் குதிரைக்கொம்புதான். ஆனாலும் வழக்காவது பதிவாகிறது. 86-வது பிரிவில் சித்திரவதையையும் சேர்க்க நம் எம்.பி.க்கள் தனிநபர் மசோதா கொண்டுவரலாமே.

- ஒரு வாசகர், உவரி