ரெக்கவரி என்றதும் முந்தி முடிச்சை அவிழ்த்த அத்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரே பக்கத்தில், விபத்தில் அடிபட்டவர் 'ரெக்கவர் ஆகிறார்' என்றும், அதற்குக் கீழேயே திருட்டு நகை 'ரெக்கவரி' என்றும் போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்கு எங்கள் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

கொஞ்ச நாள் முன்னால் மதினிக்கு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன். நர்ஸ் கதவைப் பாதி திறந்து, "ரெக்கவரில இருக்காங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மதினியின் அம்மா, எனக்கு அத்தை முறை, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். அவருக்குத் தெரிந்த ரெக்கவரி, தவணை கட்டவில்லை என்று வாசலில் நின்ற டிராக்டரைத் தூக்கிக்கொண்டு போன ஆட்கள்தான். முந்தி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே என் காதருகில் வந்து, "இன்னும் எம்புட்டு கட்டணும்யா? பிள்ளைய எதுக்குப் பிடிச்சு வச்சிருக்காக?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

அவர் கேட்டதில் என்ன தப்பு? இங்கிலீஷில் உடம்பு தேறினாலும் ரெக்கவர்தான், பறிகொடுத்ததைத் திரும்ப வாங்கினாலும் ரெக்கவர்தான். லத்தீனில் 'ரெக்குபெராரே' என்று ஒரு சொல், திரும்பப் பெறுவது என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்து ரெக்கவர் ஆனது, லத்தீனிலிருந்து நேராக எடுத்தது ரெக்யூப்பரேட். பின்னதை நோய்க்குப் பிறகு ஓய்வெடுத்துத் தெம்பு கூடுவதற்குத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள், கடன் வசூலுக்கு அவ்வளவாகச் சொல்வதில்லை. நமக்கோ மீண்டான் வேறு, மீட்டான் வேறு. இந்தப் பழக்கம் நாக்கிலேயே ஊறிப்போனதால்தான் கடன் வாங்கிய சொல்லைக்கூட 'ரெக்கவர் ஆயிட்டார்', 'ரெக்கவர் பண்ணிட்டாங்க' என்று நாமே பிரித்து வைத்துக்கொள்கிறோம். 'ரெக்கவரி' என்று மொட்டையாக நிறுத்தும்போதுதான் வம்பு.

அதிலும் ஆஸ்பத்திரி ரெக்கவரி ரூமுக்கும் குணமாவதற்கும் ரொம்ப தூரம். ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்கம் தெளியும் வரை மூச்சு, நாடி, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு வார்டுக்கு அனுப்புகிற இடம், அவ்வளவுதான். இது தெரியாமல் என் தம்பி, "ரெக்கவர் ஆயிட்டாங்க" என்று ஊரெல்லாம் போன் போட்டுவிட்டான். சாயங்காலமே நாலு பேர் ஆரஞ்சுப் பையோடு வந்து நின்றார்கள், மதினி கண் திறக்கக்கூட முடியாமல் கிடந்தார்.

எங்கள் பக்கம் அம்மை இறங்கினால் 'தண்ணி ஊத்தியாச்சு' என்போம், காய்ச்சல் என்றால் 'விட்ருச்சு', நாள்பட்டுப் படுத்தவர் என்றால் 'தேறிட்டாரு, எந்திரிச்சு நடமாடுறாரு'. எந்த அளவுக்குக் குணம் என்பதும் அதிலேயே வந்துவிடும். உங்கள் செய்தியில் அடிபட்டவர் 'தேறி வருகிறார்', நகை 'மீட்பு' என்று போட்டால் இடமும் மிச்சம். அந்த ஆஸ்பத்திரிக்காரர்களும் கதவில் 'மயக்கம் தெளியும் அறை' என்று ஒரு பேப்பரில் எழுதி ஒட்டலாம்.

மதினி இப்போது தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, மற்றபடி சரியாக இருக்கிறார். அத்தைதான் அந்தப் பணத்தை இன்னும் முடிச்சிலேயே வைத்திருக்கிறார், கேட்டால் "இருக்கட்டும்யா, வந்தாலும் வருவாங்க" என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருமங்கலம்